போதையனார் பாட்டு எங்க சரியா வருது, எங்க உடையுது? கணக்குன்னா ஓடுறவங்களுக்கு இதை எப்படி எழுதலாம்?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கணக்குன்னு பாத்தாலே பக்கத்தைத் திருப்பிடுற ஜனங்களுக்குத் தமிழ்ல கணக்கு எழுதணும்னு ஆசைப்படுறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனாலதான் இதை இங்க போடுறேன். போதையனார்ன்ற பழைய புலவர் பேர்ல வாட்ஸ்அப்ல திரும்பத் திரும்ப சுத்துற கர்ணப் பாட்டு உங்க எல்லாருக்கும் வந்திருக்கும். கர்ணம்னா செங்கோண முக்கோணத்துல செங்கோணத்துக்கு எதிர்ல சாய்வா போற பக்கம், நீளமும் உயரமும் மத்த ரெண்டு பக்கம். ஓடுற நீளத்தை எட்டு கூறு போடு, ஒரு கூறைத் தள்ளு, மிச்சத்தோட உயரத்துல பாதியைச் சேரு, அதான் கர்ணம். அவ்ளோதான் பாட்டு. வர்க்கம் வேணாம், வர்க்கமூலம் வேணாம். நீளம் 4, உயரம் 3ன்னு வச்சா, 4ல எட்டுல ஒண்ணு அரை, தள்ளினா மூணரை, 3ல பாதி ஒண்ணரை, கூட்டினா 5. கச்சிதமா வருது.

இது குரூப்ல வந்த உடனே என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். பாதி பேர் பித்தாகரஸுக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க கண்டுபிடிச்சிட்டாங்கன்னு கை தட்டுவாங்க, மீதி பேர் எல்லாம் கட்டுக்கதைன்னு திட்டுவாங்க, அப்புறம் ரெண்டு நாள் சண்டை. ஒருத்தர் கூட பேப்பர் பேனா எடுத்து இன்னொரு முக்கோணத்தை வச்சுப் பாக்க மாட்டாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா நிஜமான சுவாரஸ்யம் அந்த ரெண்டாவது முக்கோணத்துலதான் இருக்கு.

8, 15 எடுத்துக்கோங்க. கர்ணம் 17 வரணும், பாட்டுப்படி 17.125 வருது. பரவாயில்ல, கிட்டத்தட்ட சரி. இப்போ 9, 40 எடுத்துக்கோங்க. 40ல எட்டுல ஒண்ணைத் தள்ளினா 35, அதோட நாலரை, மொத்தம் 39.5. அதாவது கர்ணம், அடியில இருக்குற 40ஐ விடக் கம்மி! ஒரு கோட்டை வரைஞ்சு அதோட ஒரு முனையில செங்குத்தா சின்னதா இன்னொரு கோடு போட்டு ரெண்டு நுனியையும் சேத்துப் பாத்தா, சாய்வா போற கோடு அடிக்கோட்டை விட நீளமாத்தான் இருக்கணும்னு பள்ளிக்கூடமே போகாதவங்களுக்கும் தெரியும். இந்த இடத்துல வாசகர் நிமிர்ந்து உக்காருவார்னு நான் நம்புறேன். இங்கருந்து அவரை "ஏன்"ன்ற இடம் வரைக்கும் கூட்டிட்டுப் போறது எப்படி? நீங்க எல்லாரும் சொல்லுங்க.

கணக்கு டீச்சர்:

நல்ல விஷயம் எடுத்திருக்கீங்க சார். நான் ஒன்பது பத்து வகுப்புக்குக் கணக்கு எடுக்குறவ, அதனால என் பக்கத்துக் கவலையையும் சொல்லிடுறேன். ஸ்டீபன் ஹாக்கிங் 1988ல காலத்தைப் பத்தி எழுதின புத்தகத்தோட நன்றியுரையில, சேக்குற ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாயிடும்னு தன்கிட்ட ஒருத்தர் சொன்னதா எழுதியிருக்கார், கடைசியில ஐன்ஸ்டைனோட அந்த ஒரே ஒரு சமன்பாட்டை மட்டும் விட்டு வச்சார். நம்ம ஊர்ல அதை எல்லாரும் வேதவாக்கா எடுத்துக்கிட்டாங்களோன்னு எனக்குத் தோணும். சமன்பாட்டை எடுக்குறோம்னு கணக்கையே எடுத்துடுறாங்க. ராமானுஜனைப் பத்தி எழுதினா கூட மிச்சம் என்ன இருக்கு? கும்பகோணம், ஹார்டி, கப்பல் பயணம், டாக்ஸி நம்பர் 1729. பசங்க கிட்ட கேட்டா 1729னு டக்குனு சொல்லுவாங்க. 12ஐ மூணு தடவை பெருக்கி ஒண்ணு கூட்டிப் பாத்தியா, 10ஐ மூணு தடவை பெருக்கி அதோட 9ஐ மூணு தடவை பெருக்கினதைக் கூட்டிப் பாத்தியான்னா, இல்ல மிஸ். 1728ம் 1ம், 1000ம் 729ம், அவ்ளோதானே, அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷம்தான் கணக்கு. ராமானுஜனோட வாழ்க்கையைச் சொல்லி அழ வச்சுட்டு அவர் செஞ்ச வேலையோட வாசல்ல கூட நிறுத்தாம அனுப்பிடுறோம்.

அதனால எண்ணே வேணாம்னு நான் சொல்லல. ஆனா ஒரே பத்தியில அஞ்சாறு முக்கோணத்தைக் கொட்டினா படிக்கிறவங்க தொலைஞ்சு போயிடுவாங்க. ஒண்ணை மட்டும் அசையாம பிடிச்சு வைங்க, இன்னொண்ணு மட்டும் மாறட்டும். வகுப்புல எனக்கு வேலை செஞ்ச வழி அதுதான்.

காவிரிக்கரை:

டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே செஞ்சு பாத்தேன், ரொம்ப அழகா வந்திருக்கு. நீளத்தை 12லயே நிறுத்திட்டேன். உயரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போறேன். 12ல எட்டுல ஒண்ணு தள்ளினா 10.5, அதனால பாட்டு எப்பவும் பத்தரையில ஆரம்பிக்கும், உயரம் ஒண்ணு ஏறினா பாட்டோட விடை அரை ஏறும். அவ்ளோதான் அதுக்குத் தெரியும்.

உயரம் 0: பாட்டு 10.5, நிஜம் 12
உயரம் 3: பாட்டு 12, நிஜம் 12.37
உயரம் 5: பாட்டு 13, நிஜம் 13
உயரம் 7: பாட்டு 14, நிஜம் 13.89
உயரம் 9: பாட்டு 15, நிஜம் 15
உயரம் 12: பாட்டு 16.5, நிஜம் 16.97

5லயும் 9லயும் மட்டும் ரெண்டும் ஒண்ணாயிடுது பாருங்க. 5-12-13 எல்லாருக்கும் தெரிஞ்ச முக்கோணம், 9-12-15ன்றது நம்ம 3-4-5ஐயே மூணு மடங்கு பெருசாக்கினது. வாட்ஸ்அப்ல உதாரணமா போடுறது எப்பவும் இந்த ரெண்டு வகையோ அதோட மடங்கோதான், அதான் எல்லாருக்கும் சரியா வருது!

ஏன் ரெண்டே இடம்னா, இதை இப்படிச் சொல்லலாம்னு நினைக்கிறேன். ஒரே ரோட்டுல ரெண்டு பேர் நடக்குறாங்க, உயரத்தை நொடின்னும் கர்ணத்தைப் போய்ச் சேந்த தூரம்னும் வச்சுக்கோங்க. பாட்டு ஒண்ணரை அடி பின்னாடி நின்னு கிளம்புது, ஆனா ஒவ்வொரு நொடிக்கும் அரை அடின்னு வேகம் மாறாம நடக்குது. நிஜமான கர்ணம் முன்னாடி நிக்குது, ஆனா கிளம்பும்போது ரொம்ப மெதுவு, உயரம் 0லேர்ந்து 1க்குப் போனா 12லேர்ந்து 12.04தான் ஆகும். போகப் போக வேகம் கூடிக்கிட்டே இருக்கும், 11லேர்ந்து 12க்குப் போகும்போது கிட்டத்தட்ட 0.7 கூடும். அப்போ என்ன ஆகும்? பாட்டு எட்டிப் பிடிச்சு 5ல தாண்டும், நிஜம் அரைக்கு மேல வேகம் எடுத்து 9ல திரும்பத் தாண்டும், அதுக்கப்புறம் அது வேகம் குறையப் போறதே இல்ல, பாட்டால பிடிக்கவே முடியாது. முழுசா ஒரு நிரூபணம் இது, ஒரு இயற்கணிதக் குறியீடு கூட வரல.

நெல்லை வாசகன்:

அண்ணாச்சி, நீங்க சொல்லுறது புரியுது, ஆனா ஒண்ணு கேக்கணும். இதை வெளிய எழுதினா நம்ம முன்னோர் தப்பா சொல்லிட்டாங்கன்னுதானே ஜனங்க எடுத்துக்கிடுவாங்க? நம்ம மொழியில இருந்த கணக்கு அறிவைப் பத்தி பெருமையா ஒரு வார்த்தை எழுதுறவங்களே கம்மி, அதுலயும் குத்தம் கண்டுபிடிச்சுதான் ஆரம்பிக்கணுமா? இன்னொரு சந்தேகமும் இருக்கு. 3ஐ நீளமாவும் 4ஐ உயரமாவும் மாத்திப் போட்டா 4.625 வருது, அப்போ எதை எங்க வைக்கணும்?

கணக்கு டீச்சர்:

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன் தம்பி, எது பெருசோ அதைத்தான் எட்டு கூறு போடணும், சின்னதைத்தான் பாதியாக்கணும்.

முதல் கேள்வி முக்கியமானது. பெருமை வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா எதுக்குப் பெருமைப்படுறோம்னு தெரிஞ்சு படணும். கணக்கதிகாரம்ன்ற பழைய தமிழ்க் கணக்கு நூல்ல வட்டத்தோட பரப்புக்கு ஒரு வழி இருக்கு, விட்டத்துல பாதியையும் சுற்றளவுல பாதியையும் பெருக்குன்னு. அது எந்த வட்டத்துக்கும், சின்னதோ பெருசோ, துளி கூட பிசகாம சரி. அந்த வாய்ப்பாட்டுல பை (π)ன்ற எண் கூட கண்ணுக்குத் தெரியாது. ஏன் சரின்னு வகுப்புல இப்படிக் காட்டுவேன்: காகித வட்டத்தை நடுவுலேர்ந்து 16 துண்டா வெட்டணும், ஒண்ணு மேல பாத்தும் ஒண்ணு கீழ பாத்தும் மாத்தி மாத்தி பக்கத்துல பக்கத்துல அடுக்கணும். ஓரம் கொஞ்சம் அலை அலையா ஒரு செவ்வகம் வரும். இன்னும் மெல்லிசா வெட்டினா அலை அடங்கிக்கிட்டே போகும். அந்த செவ்வகத்தோட உயரம் விட்டத்துல பாதி, நீளம் சுற்றளவுல பாதி, ஏன்னா பாதி விளிம்பு மேல போயிடுச்சு பாதி கீழ போயிடுச்சு. முடிஞ்சுது. கடைசி பெஞ்சுலேர்ந்து "ஓ"ன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்காகத்தான் நான் இந்த வேலையில இருக்கேன்.

அதே நூல்ல பலாப்பழக் கணக்கும் இருக்கு, காம்பைச் சுத்தி இருக்குற முள்ளை எண்ணி ஆறால பெருக்கி அஞ்சால வகுத்தா சுளை எண்ணிக்கைன்னு. அதைக் காகிதத்துல நிரூபிக்க முடியாது, பண்ருட்டி சந்தைக்குப் போய் பழத்தை அறுத்து எண்ணித்தான் பாக்கணும். ஆக மூணு வகை: வட்டக் கணக்கு எப்பவும் சரி, கர்ணப் பாட்டு ஒரு எல்லைக்குள்ள கிட்டத்தட்ட சரி, பலாக் கணக்கு சோதிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியது. மூணையும் ஒரே மூட்டையா கட்டி "முன்னோர் விஞ்ஞானம்"னு கைதட்டினா வட்டக் கணக்கு சொன்னவருக்குத்தான் அநியாயம் பண்றோம்.

புள்ளிக்கோலம்:

டீச்சர் சொன்ன அந்த "ஓ" சத்தம் எனக்குக் கோலத்துல வரும். எனக்குக் கணக்கே வராதுன்னு சொல்ற எத்தனையோ பேர் மார்கழியில வாசல்ல கணக்கு போட்டுக்கிட்டேதான் இருக்காங்க. நேர்ப்புள்ளி 7ல ஆரம்பிச்சு 1ல முடியுற கோலத்தை எடுத்துக்கோங்க, மேலேர்ந்து 1, 3, 5, 7, அப்புறம் 5, 3, 1. முதல் நாலு வரிசையைக் கூட்டினா 16, அது நாலு நாலு. கீழ இருக்குற மூணு வரிசை 9, அது மூணு மூணு. மொத்தம் 25, அது அஞ்சு அஞ்சு! நீங்க பேசிட்டு இருக்குற 3-4-5 கோலத்துக்குள்ளயே உக்காந்திருக்கு.

இன்னும் ஒண்ணு செஞ்சு பாருங்க. நுனிப் புள்ளிக்கு வெள்ளை வைங்க, ஒவ்வொரு புள்ளியையும் ஒட்டி இடது வலது மேல கீழ இருக்குற புள்ளிகளுக்கு மாத்து நிறம் வச்சுக்கிட்டே போங்க, வெள்ளைக்குப் பக்கத்துல காவி, காவிக்குப் பக்கத்துல வெள்ளை. தலையைச் சாய்ச்சுப் பாத்தா வெள்ளை நாலுக்கு நாலு கட்டமா நிக்கும், காவி மூணுக்கு மூணு கட்டமா அதுக்கு உள்ள நிக்கும். எண்ணவே வேணாம், கண்ணால பாக்கலாம். அடுத்த கோலம், நடுவுல 9 புள்ளி, மொத்தம் 25ம் 16ம் 41, அது எந்த எண்ணோட வர்க்கமும் இல்ல. அப்போ இப்படி மொத்தமும் வர்க்கமா வர்ற அடுத்த கோலம் நடுவுல எத்தனை புள்ளி? நீங்க தேடுங்க, நான் இப்போ சொல்ல மாட்டேன்.

சைட் இன்ஜினியர்:

கட்டட வேலையில இருக்குறதால என் பக்கம் சொல்றேன். அஸ்திவாரத்துக்கு மூலை மட்டம் பாக்க எங்க கொத்தனார் எல்லாரும் ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறிச்சு, குறுக்க டேப் பிடிச்சு 5 அடி வருதான்னு பாப்பாங்க. அதுக்கு இந்தப் பாட்டை நம்ப முடியுமான்னு போட்டுப் பாத்தேன். 20க்கு 30 ரூம், நிஜமான குறுக்களவு 36.06 அடி, பாட்டுப்படி 26.25ம் 10ம் 36.25 அடி. வித்தியாசம் ரெண்டு இஞ்சுக்கு மேல வருது. மூலை மட்டத்துக்கு ரெண்டு இஞ்ச் தப்புன்னா சுவர் கோணிடும், டைல்ஸ் போடும்போது மாட்டிக்குவோம். ஆனா அதே குறுக்கால ஒரு கயிறு கட்டணும், எவ்ளோ வாங்கணும்னு கேட்டா இந்த விடை தாராளமா போதும், மனசுலயே போட்டுடலாம்.

இதை எழுதும்போது தயவு செஞ்சு "எந்த வேலைக்கு எவ்ளோ துல்லியம் வேணும்"ன்றதையும் எழுதுங்க. பள்ளிக்கூடத்துல விடை ஒண்ணு சரி இல்லன்னா தப்புன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க, எவ்ளோ தப்பு, அந்தத் தப்பு தாங்குமான்னு கேக்க யாரும் சொல்லிக் குடுக்கல. வேலைக்கு வந்த அப்புறம் தினமும் கேக்குற கேள்வி அது ஒண்ணுதான்.

சிப்பு வேலை:

இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்ஜினியர் சார் சொன்னதைப் பாத்த அப்புறம் எழுதாம இருக்க முடியல. நான் சிக்னல் ப்ராசஸிங் சிப்புல வேலை பாக்குறேன். அங்க ரெண்டு எண்ணுக்குக் கர்ணம் கண்டுபிடிக்கிற வேலை ஓயாம வரும், ஆனா வர்க்கமூலம் போடுற சர்க்யூட் இடமும் நேரமும் ஜாஸ்தி கேக்கும். அதனால பெரிய எண்ணுல ஒரு பங்கு, சின்ன எண்ணுல ஒரு பங்கு எடுத்துக் கூட்டுற வழி நிஜமாவே புழக்கத்துல இருக்கு, அதுல எட்டுல ஏழும் ரெண்டுல ஒண்ணும் போடுறது ஒரு வகை. ஏன் இந்தப் பின்னம்னா, கம்ப்யூட்டர் எண்ணை பைனரியில, அதாவது வெறும் 0, 1ன்ற ரெண்டே இலக்கத்துல வச்சிருக்கு, பாதியாக்குறதுன்னா இலக்கத்தை ஒரு இடம் தள்ளினா போதும், எட்டுல ஒண்ணுன்னா மூணு இடம் தள்ளினா போதும். பெருக்கலே வேணாம், தள்ளிட்டுக் கழிச்சுக் கூட்டினா விடை. இந்தப் பாட்டைப் பாத்து அங்க செஞ்சாங்கன்னு சொல்ல வரல, ரெண்டு பேருக்கும் ஒரே தேவை, வர்க்கமூலம் இல்லாம கர்ணம் வேணும்.

காவிரிக்கரை அண்ணா கேட்ட 9, 40க்கும் அங்க ஒரு மருந்து இருக்கு. போட்டு வந்த விடையையும் பெரிய பக்கத்தையும் பக்கத்துல வச்சு எது பெருசோ அதை எடுத்துக்குவாங்க. 39.5 வந்தா 40ன்னு வச்சுக்கோ, அவ்ளோதான். நிஜம் 41. உங்க 12 அட்டவணையில உயரம் 3ல பாட்டு சரியா 12 காட்டுது பாருங்க, அதுக்குக் கீழ போனா 12ஐயே வச்சுக்கணும். இந்த ஒரு திருத்தம் பண்ணிட்டா எப்பேர்ப்பட்ட செங்கோண முக்கோணத்துக்கும் தப்பு 3 சதவீதத்தைத் தாண்டாது. திருத்தம் இல்லாம விட்டா ஒல்லி முக்கோணத்துல பன்னிரண்டரை சதவீதம் வரைக்கும் போகும்.

காவிரிக்கரை:

தம்பி, இது அருமை. எனக்கு மார்ட்டின் கார்ட்னர் ஞாபகம் வருது. அமெரிக்காவுல சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில 1956 டிசம்பர்ல காகிதப் பட்டையை மடிச்சு முகம் மாறுற அறுகோணம் செய்யுறதைப் பத்தி எழுதினார், அது பிடிச்சுப் போய் அடுத்த மாசத்துலேர்ந்து தொடராவே ஆகி கால் நூற்றாண்டு ஓடுச்சு. அவர் படிச்சது தத்துவம், கணக்கு இல்ல. தனக்குப் புரியுற வரைக்கும் போராடினதாலதான் படிக்கிறவங்களுக்கும் புரியுற மாதிரி எழுத முடிஞ்சுதுன்னு அவரே சொல்லியிருக்கார். நாசிக் பக்கத்துல தேவ்லாலியில பள்ளி ஆசிரியரா இருந்த கப்ரேக்கரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினதும் அவர் 1975ல எழுதின கட்டுரைதான்.

கப்ரேக்கரோட 6174 கூட வாசகர் கையால போட்டுப் பாக்கக் கூடியதுதான். 3524ன்னு ஒரு எண், இலக்கத்தைப் பெருசுலேர்ந்து சின்னதா அடுக்கினா 5432, திருப்பி அடுக்கினா 2345, கழிச்சா 3087, அதையே திரும்பச் செஞ்சா 8352, இன்னொரு தடவை செஞ்சா 6174, அங்கயே நின்னுடும். நாலு இலக்கமும் ஒண்ணா இல்லாத எந்த எண்ணுக்கும் ஏழு தடவைக்குள்ள இது வந்துடும். ஆனா ஏன்னு வாசகர் கேட்டா கையில குடுக்க நம்மகிட்ட சின்னதா ஒரு காரணம் இல்ல, எல்லா எண்ணையும் சோதிச்சுப் பாத்து ஆமான்னு சொல்லலாம். அதான் எனக்கு கர்ணப் பாட்டு அதை விட உசத்தியா தெரியுது, ஆச்சரியத்துலேர்ந்து காரணத்துக்கு ஒரே மூச்சுல நடந்தே போயிடலாம்.

சைட் இன்ஜினியர்:

ஒரு கேள்வி. எட்டுல ஏழு, ரெண்டுல ஒண்ணுன்னு ஏன் வச்சாங்க? வேற பின்னம் வச்சா 20க்கு 30 ரூம் இன்னும் சரியா வராதா?

கணக்கு டீச்சர்:

வரும் சார், வேற பின்னம் வச்சா வேற ரூம் சரியா வரும், ஆனா 3-4-5ஓ 5-12-13ஓ கை விட்டுப் போயிடும். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம், காவிரிக்கரை சார் போட்ட அட்டவணை போதும். பாட்டே தெரியாதுன்னு வச்சுக்கோங்க. நீளம் 12ன்னா உயரம் 5க்கு கர்ணம் 13, உயரம் 9க்கு 15, இந்த ரெண்டு மட்டும் தெரியும். உயரம் 4 ஏறுச்சு, கர்ணம் 2 ஏறுச்சு, அப்போ ஒண்ணுக்கு அரை. பாட்டுல வர்ற "பாதி" கிடைச்சுடுச்சு. இப்போ 5லேர்ந்து 0க்கு இறங்குங்க, அஞ்சு அரை ரெண்டரை, 13ல ரெண்டரை போனா பத்தரை. பத்தரைன்றது 12ல எட்டுல ஏழு. "எட்டு கூறுல ஒண்ணைத் தள்ளு" கிடைச்சுடுச்சு. தெரிஞ்ச ரெண்டு முக்கோணத்தை வச்சு நடுவுல நேர்கோடு போட்டா இந்தப் பாட்டு ஒண்ணுதான் வரும், வேற வர வழியே இல்ல. பாட்டைக் கட்டினவரும் இந்த ரெண்டு முக்கோணத்தைக் கையில வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிச்சிருப்பார்ன்றது என் ஊகம்.

புள்ளிக்கோலம்:

டீச்சர், இதைப் படிச்சுட்டு நான் 3-4-5ம் 8-15-17ம் சரியா வர்ற மாதிரி ஒரு பாட்டு கட்ட முடியுமான்னு போட்டுப் பாத்தேன். நீளத்தைப் பதிமூணு கூறாக்கி பதினொண்ணை எடுத்துக்கணும், உயரத்தையும் பதிமூணு கூறாக்கி ஏழை எடுத்துக்கணும். 15க்கும் 8க்கும் 165ம் 56ம் 221, பதிமூணால வகுத்தா 17, சரியா வருது! 4க்கும் 3க்கும் 44ம் 21ம் 65, வகுத்தா 5. ஆனா கயிறை மூணு தடவை மடிச்சா எட்டு கூறு கிடைச்சிடும், பதிமூணு கூறு எப்படி மடிக்கிறது?

கோலக் கேள்விக்கு யாரும் பதில் போடல. நடுவுல 41 புள்ளி, மொத்தம் 841, அது 29 இருபத்தொன்பது. பெரிய வாசல் இருக்குறவங்க போட்டுப் பாருங்க.